புகையிரத மேடையில் கமெரா: எழுதிய விதியும் வாய்மொழித் தடையும்

புகையிரத நிலையத்தில் நின்று ஒரு படம் எடுக்க யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? பல நாடுகளில் இது ஒரு சுற்றுலாப் பயணியின் சந்தேகம். வடக்கிலோ கிழக்கிலோ வளர்ந்தவர்களுக்கு அப்படியல்ல. போர்க்காலத்தில் பாலம், நிலையம், சோதனைச் சாவடி எதற்கும் அருகில் கமெராவை வெளியே எடுப்பதே ஆபத்தாக இருந்தது. எந்தச் சட்டம் தடுக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. கேட்கக்கூடிய நிலையும் இருக்கவில்லை. போர் முடிந்து இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும், சீருடை அணிந்த ஒருவர் "எடுக்கக்கூடாது" என்று சொன்னதும் தொலைபேசியைப் பைக்குள் வைத்துவிடும் பழக்கம் எம்மில் பலரிடம் இருக்கிறது.

பாதுகாப்பு அச்சுறுத்தல் எமக்கு மட்டும் உரியதல்ல. நியூயோர்க், லண்டன் ஆகிய இரண்டு நகரங்களும் பெரும் தாக்குதல்களைச் சந்தித்தவை. இரண்டிலும் பொதுப் போக்குவரத்தில் படம் எடுப்பதைக் கட்டுப்படுத்தும் முயற்சிகள் நடந்தன. அங்கே என்ன நடந்தது, படம் எடுப்பவரின் உரிமை எதில் தங்கியிருந்தது என்பதை அறிந்துகொள்வது எமக்கும் பயன்படும்.

நியூயோர்க்: கைவிடப்பட்ட தடை

நியூயோர்க் சுரங்க ரயில் சேவை 1904 ஒக்டோபரில் தொடங்கியது. அதன் நூறாவது ஆண்டான 2004 இன் மே மாதத்தில், ரயில்களிலும் நிலையங்களிலும் பேருந்துகளிலும் பொதுமக்கள் படமோ காணொளியோ எடுப்பதைத் தடை செய்யும் யோசனையைப் போக்குவரத்து நிர்வாகம் முன்வைத்தது. ஊடக அடையாள அட்டை உள்ளவர்களுக்கும் எழுத்துமூல அனுமதி பெற்றவர்களுக்கும் மட்டுமே விலக்கு. 2001 செப்டெம்பர் 11 தாக்குதல் நடந்து மூன்று ஆண்டுகூட ஆகவில்லை. அந்த ஆண்டு மார்ச்சில்தான் மட்ரிட் நகரின் ரயில்களில் குண்டுகள் வெடித்து 190 இற்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டிருந்தனர். தாக்குதல் நடத்துபவர்கள் முன்கூட்டியே இடத்தைப் படம் எடுத்து நோட்டம் பார்ப்பார்கள் என்பதே நிர்வாகத்தின் வாதம். அந்தப் பயத்தைக் கற்பனை என்று ஒதுக்கிவிட முடியாது.

ஆனால் அங்கே அப்படியொரு விதியை ஒரே இரவில் கொண்டுவர முடியாது. யோசனையை வெளியிட்டு, பொதுமக்களின் கருத்தைக் கேட்ட பிறகே அது விதியாகலாம். அந்த இடைவெளியில் எதிர்ப்பு எழுந்தது. ஜூன் மாதத்தில் புகைப்படக்காரர்கள் கூட்டமாகச் சுரங்க ரயிலில் ஏறி, ஒருவரை ஒருவர் படம் எடுத்தபடியே பயணம் செய்தார்கள். சுற்றுலாப் பயணிகளும் ரயில் ஆர்வலர்களும் குடியியல் உரிமை அமைப்புகளும் எதிர்த்தார்கள். நகரப் பொலிஸாரும் இந்தத் தடைக்கு ஆதரவு தரவில்லை. ஒரு வருடத்தின் பின், 2005 மே மாதத்தில், யோசனை கைவிடப்பட்டது.

அதே யோசனைத் தொகுப்பில் இருந்த இன்னொரு விதி, ஓடும் ரயிலில் ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்குக் கடந்து செல்வதற்கான தடை, நிறைவேறியது. அதற்கான காரணம் எல்லோருக்கும் விளங்கியது: தவறி விழுந்து மனிதர்கள் இறக்கிறார்கள். படத் தடைக்கு அப்படி நிற்கக்கூடிய காரணத்தைக் காட்ட முடியவில்லை. தினமும் இலட்சக்கணக்கானோர் பயணம் செய்யும் இடத்தில், ஒவ்வொருவர் கையிலும் கமெரா வரத் தொடங்கிய காலத்தில், படம் எடுப்பவர்களையெல்லாம் சந்தேக நபர்களாக்கினால் உண்மையான சந்தேக நபரை எப்படிக் கண்டுபிடிப்பது?

தடை கைவிடப்பட்டு இரண்டு மாதங்களுக்குள், 2005 ஜூலை 7 அன்று, லண்டனில் மூன்று சுரங்க ரயில்களிலும் ஒரு பேருந்திலும் குண்டுகள் வெடித்து 52 பேர் கொல்லப்பட்டார்கள். சுரங்கத்தின் உள்ளே என்ன நடந்தது என்பதை உலகம் முதலில் பார்த்தது, புகைக்குள் சிக்கியிருந்த பயணிகள் தங்கள் கைத்தொலைபேசிகளில் எடுத்த படங்களில்தான். பொதுமக்கள் எடுத்த படங்களையும் காணொளிகளையும் தந்து விசாரணைக்கு உதவுமாறு லண்டன் பொலிஸாரே கேட்டுக்கொண்டனர். பாதுகாப்புக்கு இடைஞ்சல் என்று சொல்லப்பட்ட அதே கமெராக்கள் விசாரணைக்குத் தேவைப்பட்டன.

விதி என்ன சொல்கிறது?

நியூயோர்க் போக்குவரத்து நடத்தை விதிகளில் 1050.9 ஆம் பிரிவில் படம் எடுப்பது பற்றிய சிறிய பகுதி ஒன்று உண்டு. அதன் சாரம் இதுதான்: நிலையங்களிலும் வாகனங்களிலும் படமும் காணொளியும் எடுக்கலாம், விளக்கு, ஒளிதெறிப்பி, முக்காலி போன்ற துணைக் கருவிகளைப் பயன்படுத்தக்கூடாது, உரிய ஊடக அடையாள அட்டை உள்ளவர்கள் தேவையான துணைக் கருவிகளையும் பயன்படுத்தலாம்.

முதலில் அனுமதி, பிறகு வரம்பு என்ற வரிசையை இங்கே கவனிக்க வேண்டும். வரம்புக்கும் காரணம் இருக்கிறது. முக்காலியின் கால்களில் தடக்கி ஒருவர் தண்டவாளத்தில் விழலாம். ஃப்ளாஷ் வெளிச்சம் உள்ளே வரும் ரயிலின் சாரதியின் கண்ணைக் கூசச் செய்யும்.

எங்கள் உறவினர்கள் பலர் வாழும் வேறு இரண்டு நகரங்களிலும் நிலைமை ஏறத்தாழ இதுதான். லண்டன் சுரங்க ரயிலில் சொந்தத் தேவைக்காகச் சாதாரணமாகப் படம் எடுக்கலாம்; ஃப்ளாஷும் முக்காலியும் கூடாது. ரொறன்ரோ போக்குவரத்துச் சேவையிலும் வணிக நோக்கமில்லாத சொந்தப் படங்களுக்குத் தடையில்லை. திரைப்படம், விளம்பரம் போன்ற வணிகத் தேவைகளுக்கே அனுமதிப்பத்திரம் பெற வேண்டும். படப்பிடிப்புக் குழு ஒன்று மேடையின் ஒரு பகுதியை மறித்துக்கொண்டு, கருவிகளோடும் ஆட்களோடும் பல மணி நேரம் நிற்கும். யார் எப்போது வருகிறார்கள், விபத்து நேர்ந்தால் யார் பொறுப்பு, கட்டணம் எவ்வளவு என்பதை நிர்வாகம் முன்பே அறிந்திருக்க வேண்டும். அனுமதிப்பத்திரம் இருப்பது அதற்காக. ஒரு பயணி தன் பிள்ளையை ரயில் ஜன்னலோரம் நிறுத்தி எடுக்கும் படத்துக்காக அல்ல.

விதி இருந்தும் கைது

எழுதிய விதி இருந்தால் பிரச்சினை தீர்ந்துவிடுமா? இல்லை. 2009 பெப்ரவரியில் நியூயோர்க்கின் பிரொங்ஸ் பகுதியிலுள்ள ஃப்ரீமன் வீதி நிலையத்தில் ரயிலைப் படம் எடுத்த ஒருவரைப் பொலிஸார் கைது செய்தார்கள். விதி படம் எடுக்க அனுமதிக்கிறது என்று அவர் சொல்லியும் பயனிருக்கவில்லை. ஆனால் படம் எடுத்ததற்காகப் பதியப்பட்ட குற்றச்சாட்டு நிற்கவில்லை. பின்னர் மாநகரம் அவருக்கு இழப்பீடு வழங்க நேர்ந்தது.

இரண்டு மாதங்களுக்கு முன்னர் அதே நகரத்தில் நடந்தது இன்னும் விசித்திரமானது. அம்ட்ராக் என்ற தேசிய ரயில் நிறுவனம் தன் ரயில்களைப் படம் எடுத்து அனுப்புமாறு பொதுமக்களுக்குப் போட்டி ஒன்றை அறிவித்திருந்தது. அந்தப் போட்டிக்காக பென் நிலையத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்தவரை அம்ட்ராக்கின் பொலிஸாரே கைது செய்தார்கள். தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சியில் கேலிக்குள்ளாகும் அளவுக்கு அது பேசப்பட்டது.

2009 ஏப்ரலில் நியூயோர்க் பொலிஸ் திணைக்களம் தன் உத்தியோகத்தர்களுக்கு எழுத்துமூலமான கட்டளை ஒன்றை அனுப்பியது. பொது இடங்களையும் கட்டடங்களையும் படம் எடுப்பது சாதாரண விடயம், அது சட்டவிரோதமாக இருப்பது மிக அரிது என்று அது நினைவூட்டியது. அவசர நிலை இல்லாதபோது, சம்மதமின்றி ஒருவர் எடுத்த படங்களைக் காட்டுமாறு வற்புறுத்தக்கூடாது என்றும் சொன்னது. படம் எடுப்பவருக்கு விதி தெரிந்திருப்பது மட்டும் போதாது. தடுப்பவருக்கு அவருடைய அதிகாரத்தின் எல்லையும் எழுத்தில் இருக்க வேண்டும் என்பதே இந்தச் சம்பவங்கள் சொல்லும் பாடம்.

லண்டன்: யாரைத் தடுத்தார்கள்?

எல்லை எழுதப்படாத அதிகாரம் யார் மீது பாயும் என்பதை லண்டனில் பார்க்கலாம். பிரித்தானியாவின் 2000 ஆம் ஆண்டுப் பயங்கரவாதச் சட்டத்தின் 44 ஆம் பிரிவு, நியாயமான சந்தேகம் எதுவும் இல்லாமலே ஒருவரைத் தடுத்துச் சோதனை செய்யும் அதிகாரத்தைப் பொலிஸாருக்குத் தந்தது. அந்த அதிகாரம் குறித்த இடத்துக்கும் குறித்த காலத்துக்கும் மட்டுமே அறிவிக்கப்பட வேண்டியது. ஆனால் லண்டன் பெருநகரம் முழுவதற்கும் அது வருடக்கணக்காகத் தொடர்ந்து புதுப்பிக்கப்பட்டது. நிலையங்களிலும் வீதிகளிலும் படம் எடுத்த பலர் இந்தப் பிரிவின் கீழ் நிறுத்தப்பட்டார்கள்.

2003 செப்டெம்பரில் லண்டனில் நடந்த ஆயுதக் கண்காட்சி ஒன்றுக்கு எதிரான போராட்டத்துக்குச் சென்ற இருவர் இவ்வாறு சோதனையிடப்பட்டார்கள். ஒருவர் கெவின் கில்லன் என்ற போராட்டக்காரர். மற்றவர் பென்னி குயின்டன் என்ற ஊடகவியலாளர். குயின்டன் தன் ஊடக அட்டையைக் காட்டியும், ஒளிப்பதிவை நிறுத்துமாறு சொல்லப்பட்டார். பிரித்தானிய நீதிமன்றங்களில் தோற்ற இருவரும் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2010 ஜனவரி 12 அன்று தீர்ப்பு வந்தது: இந்த அதிகாரம் தனிப்பட்ட வாழ்வுக்கான உரிமையை மீறுகிறது; தான்தோன்றித்தனமாகப் பயன்படுத்தப்படுவதைத் தடுக்கும் போதிய பாதுகாப்பு சட்டத்தில் இல்லை. இந்த அதிகாரம் கறுப்பின மக்களையும் ஆசிய மக்களையும் விகிதாசாரத்துக்கு மீறிப் பாதிப்பதைக் காட்டும் புள்ளிவிபரங்களையும் நீதிமன்றம் குறிப்பிட்டது. அந்த ஆண்டு ஜூலையில் அரசாங்கம் அந்தப் பிரிவின் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தியது. பின்னர் அது நீக்கப்பட்டு, அதைவிட இறுக்கமான வரம்புகளுடன் வேறொரு பிரிவு கொண்டுவரப்பட்டது.

பொது இடத்தில் படம் எடுக்கவோ ஒளிப்பதிவு செய்யவோ பொதுமக்களுக்கும் ஊடகங்களுக்கும் அனுமதிப்பத்திரம் தேவையில்லை; சோதனையின்போது படங்களை அழிக்கும் அதிகாரம் உத்தியோகத்தருக்கு இல்லை. இதுவே லண்டன் பொலிஸாரின் இன்றைய எழுத்துமூல வழிகாட்டல். "அழி" என்ற சொல்லைச் சோதனைச் சாவடிகளில் கேட்டுப் பழகிய எமக்கு இந்த ஒரு வரியின் பெறுமதி விளங்கும்.

சாட்சியாகும் படம்

இது புகைப்படம் எடுப்பவர்களின் பொழுதுபோக்கைப் பற்றிய பேச்சு மட்டுமல்ல. 2009 ஜனவரி 1 அதிகாலையில், கலிபோர்னியாவின் ஓக்லண்ட் நகரிலுள்ள ஃப்ரூட்வேல் நிலையத்தில், ஒஸ்கார் கிராண்ட் என்ற 22 வயதுக் கறுப்பின இளைஞரை ரயில் சேவையின் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர் சுட்டுக் கொன்றார். கிராண்டிடம் ஆயுதம் இருக்கவில்லை. மேடையில் குப்புறக் கிடந்த நிலையில் முதுகில் சுடப்பட்டார். நின்றிருந்த ரயிலிலிருந்த பயணிகள் பலர் அதைத் தங்கள் தொலைபேசிகளிலும் சிறிய கமெராக்களிலும் பதிவு செய்தார்கள். சில நாட்களுக்குள் அந்தக் காட்சிகள் தொலைக்காட்சியில் வந்தன. மின்னதிர்ச்சிக் கருவி என்று நினைத்துத் துப்பாக்கியை எடுத்துவிட்டதாக உத்தியோகத்தர் நீதிமன்றத்தில் சொன்னார். 2010 ஜூலையில் ஜூரிகள் அவரை நோக்கமின்றி மரணம் விளைவித்த குற்றவாளியாகக் கண்டார்கள். அந்த ரயில் சேவையின் பொலிஸாரைக் கண்காணிக்கச் சுயாதீனக் கட்டமைப்பும் உருவானது.

குடும்பம் எதிர்பார்த்த நீதி அதுவல்ல. ஆனாலும் பயணிகளின் படங்கள் இல்லாமல் அந்த வழக்கு இந்த அளவுக்காவது போயிருக்குமா என்பது சந்தேகமே. கைத்தொலைபேசிக் காட்சிகளின் பெறுமதியை எமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 2009 இல் போரின் இறுதி மாதங்களில் வன்னியில் என்ன நடந்தது என்பதற்கு உலகம் பார்த்த சான்றுகளில் ஒரு பகுதி தொலைபேசிகளில் எடுக்கப்பட்டதுதான்.

படத்துக்குள் இருப்பவர்

படம் எடுப்பவருக்கு உரிமை உண்டு என்று சொல்லி இங்கே நிறுத்திவிட முடியாது. ரயிலில் எதிரே அமர்ந்திருப்பவரும் ஒரு மனிதர்.

அமெரிக்கப் புகைப்படக்காரர் வோக்கர் எவன்ஸ் 1938 முதல் 1941 வரை நியூயோர்க் சுரங்க ரயிலில், மேலங்கிக்குள் கமெராவை மறைத்து, பொத்தான்களுக்கு இடையால் வில்லையை நீட்டிப் பயணிகளைப் படம் எடுத்தார். அவை 1966 இல்தான் நூலாக வந்தன. இன்று அவை பெரும் கலைப்படைப்புகளாகக் கொண்டாடப்படுகின்றன. ஆனால் அந்த முகங்களுக்கு உரியவர்களின் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. இன்று அதே வேலையைக் கெட்ட நோக்கத்தோடு செய்பவர்களுக்கு மேலங்கி தேவையில்லை. பெண்களின் ஆடைக்குக் கீழே மறைவாகப் படம் எடுப்பது இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2019 இல் தனிக் குற்றமாக்கப்பட்டது. ஜப்பான் 2023 இல் சம்மதமில்லாத பாலியல் தன்மையுடைய படமெடுப்புக்கு எதிராகச் சட்டம் கொண்டுவந்தது.

இலங்கையில் பேருந்திலும் புகையிரதத்திலும் பயணம் செய்யும் பெண்களில் 90 சதவீதமானோர் வாழ்நாளில் ஒரு தடவையேனும் பாலியல் தொல்லைக்கு உள்ளாகியிருப்பதாக ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியத்தின் ஆய்வு சொல்கிறது. அந்தப் பேருந்தில் கமெரா இரண்டு விதமாகவும் வேலை செய்யும். தொல்லை தருபவனின் கருவியாகவும் இருக்கலாம். அவனைக் காட்டிக்கொடுக்கும் சாட்சியாகவும் இருக்கலாம். படம் எடுக்கும் உரிமை என்பது சக பயணியை அவமதிக்கும் உரிமை அல்ல என்பதை நாமே முதலில் ஏற்றுக்கொள்ள வேண்டும். எமது அழுகையும் முகாம்களில் எமது வரிசைகளும் எம்மைக் கேட்காமலே படங்களாகின. காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் போராடும் இடங்களில் சிவில் உடையில் வந்து படம் எடுப்பவர்களையும் நாம் அறிவோம். கேட்காமல் எடுக்கப்படும் படத்தின் வலி எமக்குத் தெரியும்.

இங்கே நாம் என்ன செய்யலாம்?

இலங்கை அரசியலமைப்பின் 14(1)(அ) உறுப்புரை ஒவ்வொரு பிரஜைக்கும் பேச்சுச் சுதந்திரத்தையும் வெளியீட்டுச் சுதந்திரத்தையும் கருத்து வெளிப்பாட்டுச் சுதந்திரத்தையும் உறுதிப்படுத்துகிறது. தேசிய பாதுகாப்பு போன்ற காரணங்களுக்காக அதைக் கட்டுப்படுத்தலாம் என்று 15 ஆம் உறுப்புரை சொல்கிறது. ஆனால் அந்தக் கட்டுப்பாடு சட்டத்தால் விதிக்கப்பட்டதாக இருக்க வேண்டும். ஒருவரைக் கைது செய்தால் அதற்கான காரணத்தை அவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 13(1) உறுப்புரை.

தடை செய்யப்பட்ட இடங்களும் இருக்கின்றன என்பதை மறந்துவிடக்கூடாது. இராணுவ முகாம்களையும் பாதுகாப்பு நிலைகளையும் படம் எடுப்பது கடுமையான விளைவுகளைத் தரும். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் நிழலில் வாழ்ந்தவர்களுக்கு, மேடையில் நின்று சட்டம் பேசுங்கள் என்று இலகுவாக அறிவுரை சொல்லவும் முடியாது. உயிரும் சுதந்திரமும் படத்தைவிடப் பெரியவை. தடுத்தால் வாக்குவாதம் செய்யாமல், எந்தச் சட்டம் அல்லது சுற்றறிக்கையின் கீழ் தடுக்கிறீர்கள் என்று பணிவாகக் கேளுங்கள். நேரம், இடம், உத்தியோகத்தரின் இலக்கம், அவர் சொன்ன வார்த்தைகள் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். தொலைபேசியை எடுத்துச் சென்றால் பற்றுச்சீட்டுக் கேளுங்கள். அடிப்படை உரிமை மீறப்பட்டதாக உயர் நீதிமன்றத்தில் மனுத் தாக்கல் செய்வதற்கு ஒரு மாத காலமே உண்டு. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது.

ஆபத்தில்லாமல் செய்யக்கூடிய இன்னொரு வேலையும் இருக்கிறது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், புகையிரதத் திணைக்களத்துக்கும் போக்குவரத்துச் சபைக்கும் தமிழிலேயே விண்ணப்பம் அனுப்பலாம். நிலையங்களிலும் வாகனங்களிலும் பயணி ஒருவர் சொந்தத் தேவைக்காகப் படம் எடுப்பதைத் தடுக்கும் சட்டமோ, ஒழுங்குவிதியோ, சுற்றறிக்கையோ இருக்கிறதா? இருந்தால் அதன் பிரதி ஒன்றைத் தருக. வணிகத் தேவைக்கான அனுமதியை யாரிடம் பெற வேண்டும், கட்டணம் எவ்வளவு? ஏன் கேட்கிறீர்கள் என்ற காரணத்தை நீங்கள் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் தன் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும்.

நியூயோர்க்கில் தடை கைவிடப்படக் காரணம், அது எழுத்தில் வெளியிடப்பட்டதுதான். எழுத்தில் இருந்தபடியால் அதைப் படிக்கவும், கேள்வி கேட்கவும், எதிர்க்கவும் முடிந்தது. எங்கள் நிலையங்களில் இருக்கும் விதி எதுவாயினும், அது முதலில் காகிதத்தில் எங்கள் கைக்கு வரட்டும். அது நியாயமானதா என்பதை அதன் பிறகு பேசலாம்.